கலகெதர வளைவில் முக்கால் மணித்தியாலம்

லீசிங்கில் லொறி எடுத்து, மாடு ஏற்றும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு வணக்கம்.

செலவுக் கணக்கு எப்படிப் போடுவது என்று உங்களுக்கு எழுதித் தரும்படி லொறிக்காரர் சங்கத்துச் செயலாளர் என்னிடம் கேட்டார். டீசல், டயர், காப்புறுதி, லீசிங் தவணை, வேலையில்லாமல் லொறி நிற்கும் நாட்கள் என்று எல்லாவற்றையும் நீங்கள் போனிலேயே தட்டிப் பார்த்துவிடுவீர்கள். அதற்கு நான் எதற்கு? ஆனால் எனக்கு எல்லாவற்றையும் விட அதிகச் செலவு வைத்தது எது என்று கேட்டால் பொறாமை என்றுதான் சொல்வேன். அது எந்தப் பில்லிலும் வராது. தொழிலை விட்டு மூன்று வருடமாகியும் எனக்கு அது முழுதாகக் குணமாகவில்லை. அதனால் நான் எழுதுவதில் கொஞ்சம் எரிச்சல் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத்து லொறியை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் நான். வேலையை விட்டபோது வந்த சேமலாப நிதியை முன்பணமாகக் கட்டி, நீல நிறத்தில் ஒரு புது லொறி எடுத்தேன். பலகை அடித்து, அடியில் மணல் கொட்டி, கறவை மாடு ஏற்றிப் போக ஏற்ற மாதிரி நானே பின்பக்கத்தைச் செய்வித்தேன். வீடு கலகெதரவில். லொறி நிறுத்தும் இடம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில். அந்தப் பக்கத்தில் மாட்டுக்கென்றே லொறி வைத்திருந்தவன் அப்போது நான் மட்டும்தான். இரண்டு மாதம் ராஜா மாதிரி இருந்தேன்.

மூன்றாவது மாதம் அக்குறணையிலிருந்து ஒருவர் வந்தார். கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, எங்கோ மூலையில் கிடந்த பழைய லொறி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து என் லொறிக்குப் பின்னாலேயே நிறுத்தினார். பெயிண்ட் உரிந்து, ஒரு பக்கக் கண்ணாடி கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. இறங்கி வந்து, "அண்ணன், நானும் மாடு ஏத்தலாம்னு ஈக்கிறேன். ஒங்களுக்கு இடைஞ்சல் இல்ல தானே?" என்று கேட்டார். "அதுக்கென்ன நாநா, தாராளமா ஏத்துங்க" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நாநா என்றுதான் கூப்பிடுவோம். அந்த லொறி கடுகண்ணாவை ஏற்றத்திலேயே படுத்துவிடும் என்ற நம்பிக்கையில் வந்த தாராளம் அது.

படுக்கவில்லை. ஆறே மாதத்தில் பால் பண்ணைக்காரர்கள் எல்லோரும் அவரைத் தேட ஆரம்பித்தார்கள். என் புது லொறி பாலத்தடியில் நின்று வெயில் காயும். அந்தப் பழைய லொறி வாரத்தில் ஐந்து நாள் ஓடும். தவணை கட்டவேண்டிய நாள் நெருங்க நெருங்க எனக்கு வயிறு எரிந்தது. லொறிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, அவருக்கு எத்தனை போன் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் நாலு பண்ணைக்குப் போய் முகத்தைக் காட்டியிருக்கலாம். போகவில்லை, எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் வேவு பார்க்கத் துணிந்தேன். தேநீர்க் கடை முதலாளியின் போனை வாங்கி, குரலை மாற்றிக்கொண்டு அவருக்கு எடுத்தேன். குருநாகல் பக்கத்திலிருந்து கலகெதரவுக்கு மூன்று மாடு ஏற்ற வேண்டும், தலைக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"தலைக்கு இல்ல, லொறிக்குத்தான் கணக்கு," என்றார். "மாடு கறவையா? எத்தன லீட்டர் கறக்குது? சினை ஏதும் ஈக்கா? கடைசியா எப்ப வாகனத்துல ஏறின?"

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் நான் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை. எத்தனை தலை, எங்கே இறக்குவது, அவ்வளவுதான் கேட்பேன். நான் இழுப்பதைக் கேட்டு அவரே தொடர்ந்தார்.

"கலகெதரன்னா அங்கயே ஒரு அண்ணன் ஈக்கிறாரு. நீலக் கலர் புது லொறி. அவர்ட லொறிதான் ஒங்களுக்குக் கிட்ட. நான் வெறுமனே வர்ற தூரத்துக்கும் சேத்து நீங்க எதுக்குக் காசு குடுக்கணும்? அவர்ட நம்பர் தாறேன், எழுதிக்கோங்க."

என் நம்பரை எனக்கே ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். பக்கத்தில் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் எழுதுவது போல பாவனை செய்தேன். என் குரலை அவர் கண்டுபிடித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்டுபிடித்திருந்தால் நக்கல், கண்டுபிடிக்காவிட்டால் பெரிய மனசு. இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று கேட்டதில் தொழிலுக்கு உதவும் விஷயம் ஒன்று இருந்தது. எரிச்சலில் அதை நான் காதில் வாங்கவில்லை, நீங்களாவது வாங்கிக்கொள்ளுங்கள். தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் உங்கள் கண் எப்போதும் இரண்டு மாட்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியிலேயே நிற்கும். இன்னும் ஒன்றை நுழைக்கலாமே என்று தோன்றிக்கொண்டே இருக்கும். லொறிக்கு இவ்வளவு என்று பேசினால் ஒரு மாடு குறைந்தாலும் உங்களுக்கு நட்டமில்லை, மாட்டுக்கும் நிற்க இடம் கிடைக்கும்.

அடுத்தது திரும்பி வரும் பயணம். மாட்டை இறக்கிவிட்டு நான் வெறும் லொறியோடு வருவேன். போகும்போது எரிகிற அதே டீசல்தான் வரும்போதும் எரியும், வருமானம் மட்டும் கிடையாது. அவர் தம்புள்ளைப் பக்கம் மாடு இறக்கினால், அங்கேயே லொறியைக் கழுவிக் காயவைத்து, கட்டுக்கட்டாக வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே பண்ணைகளுக்கு விற்பார். ஒரு நாள் பின்னாலேயே போய் இதையும் பார்த்தேன். பார்த்த சூட்டோடு நானும் வைக்கோல் வாங்கினேன். விலை குறைவாகக் கிடைத்ததே என்று ஈர வைக்கோல், அதையும் கழுவாத லொறியில் ஏற்றினேன். வந்து சேரும்போது லொறியே நாறியது. பண்ணைக்காரர் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதை உங்க வீட்டு மெத்தைக்குப் போடுங்க" என்றார். அந்த மாதம் நன்றாகக் கையைக் கடித்தது. பொறாமைக்காரன் பார்த்துப் படிக்கும் லட்சணம் இதுதான். அடுத்தவன் என்ன செய்கிறான் என்பது மட்டும்தான் கண்ணில் படும், ஏன் அப்படிச் செய்கிறான் என்பது படாது.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். இதை நான் என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அக்குறணைக்காரரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூலியில் மூன்றில் இரண்டு பங்கை மாட்டை இறக்கியதும் வாங்குவார். மிச்சத்தை மறுநாள் காலைப் பால் கறந்த பிறகுதான் வாங்குவார். மாடு பயந்து, களைத்து, புதுத் தொழுவத்தில் பாலை அடக்கிக்கொண்டால் அந்த மிச்சத்தைக் கேட்கமாட்டார். அதற்காகவே பழைய தொழுவத்திலிருந்து ஒரு கேன் தண்ணீரும் அது தின்று பழகிய புல்லில் ஒரு கட்டும் மாட்டோடு ஏற்றிக்கொண்டு வருவார். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பால் கறப்பது மாட்டின் வேலை, லொறிக்காரன் ஏன் அதற்குப் பொறுப்பு எடுக்க வேண்டும்?

அப்போதுதான் திகனவில் ஒரு டீச்சர் பால் பண்ணை தொடங்கினார். பாலர் பாடசாலை நடத்திக்கொண்டிருந்தவர், கணவர் இல்லை. வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுத்து, குருநாகல் பக்கத்துப் பண்ணையில் ஐந்து மாடு வாங்கியிருந்தார். நாலு கறவை. ஐந்தாவது, மூன்று வாரத்தில் கன்று போடவிருந்த சிவப்பு மாடு. அக்குறணைக்காரர் நாலை மட்டும் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். சிவப்பு மாடு கன்று போட்டு ஒரு மாதம் போகட்டும், பிறகு தனியாகக் கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். டீச்சரால் அவ்வளவு நாள் பொறுக்க முடியவில்லை. விற்றவர் அவசரப்படுத்தியதால் என்னிடம் வந்தார்.

"ஐந்தையும் ஒரே நடையில கொண்டு வருவீங்களா?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன டீச்சர், கொண்டு வந்திரலாம்."

"அந்த நாநா காலப் பால் கறந்த பொறகுதான் மிச்சக் காசு எடுப்பார். நீங்களும் அப்படியா?"

அந்த இடத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "மிச்சம் என்ன மிச்சம்? நான் முழுக் காசையுமே பால் கறந்த பொறகுதான் எடுப்பேன்" என்றேன். அவரைவிட ஒரு படி மேலே நிற்கவேண்டுமே! தவணை கட்ட வழியில்லாத மனிதன், முழுக் கூலியையும் ஒரு மாட்டின் மடியில் பந்தயம் கட்டிவிட்டு வந்தேன்.

விடியற்காலையிலேயே ஏற்ற வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் அன்று காலையில் வேறு ஒரு சின்ன வாடகை ஹயரை முடித்துவிட்டுப் போனதால், ஏற்றும்போதே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாட்டு வைத்தியரின் கடிதம், அனுமதிப் பத்திரம் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். நாலு மாடு நிற்கும் இடத்தில் ஐந்து நின்றது.

கலகெதர ஏற்றத்தின் வளைவுகளில் இரண்டாவதைத் திரும்பும்போது பின்னால் தடால் என்று சத்தம். ஓரமாக நிறுத்திவிட்டுப் பலகை இடுக்கால் பார்த்தேன். சிவப்பு மாடு பக்கவாட்டாக விழுந்து கிடந்தது. மற்ற நாலும் மிரண்டு, அதன் மேல் கால் படாமல் நிற்க இடமில்லாமல் தள்ளாடின. அதன் வயிறு வேகமாக ஏறி இறங்கியது.

செய்யவேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். மற்ற நாலையும் இறக்க வேண்டும், விழுந்ததை நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி அண்டை கொடுக்க வேண்டும். ஆனால் தரைக்கும் லொறிக்கும் நடுவில் என் மார்பளவு உயரம். மாடு ஏற்றிய சரிவுப் பலகை விற்றவருடையது, அது அவர் பண்ணையிலேயே நின்றுவிட்டது. மாட்டைக் குதிக்க வைத்தால் கால் முறியும். மாடு இறக்கிப் பழகிய இன்னொருவரும், கால் வைத்து இறங்க ஏதாவதும் வேண்டும். அந்தச் சுற்று வட்டாரத்தில் அது இரண்டும் இருந்தது ஒரே ஒருவரிடம். அவர் அன்று பகல் வைக்கோலோடு கட்டுகஸ்தோட்டைக்கு வந்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அவர் போக்குவரத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

நான் அவருக்குப் போன் எடுக்கவில்லை.

வைத்தியருக்கு எடுத்தேன், தூரத்தில் எங்கோ தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார், பின்னேரம்தான் வர முடியும் என்றார். மாவத்தகமவில் எனக்குத் தெரிந்த ஒரு தச்சு வேலை பாஸுக்கு எடுத்தேன், பதில் இல்லை. கலகெதரவில் மணல் லொறி வைத்திருப்பவருக்கு எடுத்தேன், வருகிறேன் என்றவர் வரவில்லை. ஒவ்வொரு முறையும் விரல் அக்குறணைக்காரரின் நம்பரைத் தாண்டித்தான் போனது. "நான் அப்பவே சென்னேன் தானே" என்று அவர் சொல்லிக் கேட்பதைவிட, வேறு எவனாவது வந்து தொலையட்டும் என்றிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் நான் மாட்டை நினைக்கவே இல்லை. பாலத்தடியில் அவர் முன்னால் நான் எப்படி நிற்பேன் என்றுதான் நினைத்தேன்.

டீச்சர் பலகை இடுக்கில் கையை விட்டு அந்த மாட்டின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். திடீரென்று திரும்பி, "அண்ணே, அந்த நாநாவுக்கு ஏன் நீங்க எடுக்கல?" என்று கேட்டார்.

"அவருக்கு இன்னைக்கு ஹயர் இருக்கு டீச்சர்."

டீச்சர் அதை நம்பவில்லை. பிறகு தன் பையிலிருந்து போனை எடுத்து அவரே கூப்பிட்டார். மாடு விழுந்து அப்போது முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது.

இருபத்தைந்து நிமிடத்தில் அந்தப் பழைய லொறி வந்து நின்றது. அக்குறணைக்காரர் இறங்கி நேரே வேலையைத் தொடங்கினார். வைக்கோல் கட்டுகளைத் தள்ளித் தள்ளி என் லொறியின் பின்பக்கத்தில் படி மாதிரி அடுக்கினார். நானும் சேர்ந்து அடுக்கினேன். மேலே சாக்கு விரித்து மணல் தூவி, நாலு மாட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொடுத்து இறக்கினோம். பிறகு உள்ளே ஏறி, சிவப்பு மாட்டை நிமிர்த்தி இரண்டு பக்கமும் கட்டுகளை அண்டை கொடுத்தோம். அப்போதுதான் அவர் என்னைக் கேட்டார்.

"எவ்வளவு நேரமா கெடக்குது?"

"இப்பதான் நாநா. உங்களுக்கு எடுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"பொய்," என்றார் டீச்சர் கீழே நின்றபடி. "ஒரு மணித்தியாலம் தாண்டிட்டு நாநா. முக்கால் மணித்தியாலம் இவர் ஒங்களுக்கு எடுக்காமலே நிண்டவர்."

அக்குறணைக்காரர் மாட்டின் மூக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, மெதுவாக, "என்ட நம்பர் ஒங்கக்கிட்ட ஈக்கி தானே, அண்ணன்?" என்று மட்டும் கேட்டார். உடனே போனை எடுத்து வைத்தியருக்குச் சரியான நேரத்தைச் சொன்னார், செய்யவேண்டியதைக் கேட்டுக் கேட்டுச் செய்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மாடு எழுந்து நின்றது. அவர் மிச்ச வைக்கோலைப் பாதையோரத்தில் இறக்கிவிட்டு, சிவப்பு மாட்டைத் தனியாகத் தன் லொறியில் ஏற்றினார். நாலை நான் கொண்டுபோனேன். மறுநாள் காலை நாலு மாடும் பாதிப் பால்கூடத் தரவில்லை. பேசியபடி எனக்குக் கூலி இல்லை. மூன்றாம் நாள் சிவப்பு மாடு கன்று போட்டது. பெண் கன்று, செத்துப் பிறந்தது.

வைத்தியரிடம் நானே போய்க் கேட்டேன். "விழுந்ததாலயா, வெயிலாலயா, கெடந்த நேரத்தாலயா, யாராலயும் உறுதியா சொல்ல ஏலாது," என்றார். "ஆனா கெடந்த நேரம் கொறஞ்சிருந்தா நல்லம்." டீச்சர் வீட்டை ஈடு வைத்து வாங்கிய ஐந்து மாட்டோடு ஆறாவதாக நினைத்திருந்த கன்று அது. திகனவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். "பொய் சொல்லாம இருந்திருக்கலாம், அண்ணே" என்றார். அதற்குப் பிறகு அவர் தொழுவத்துக்கு என் லொறி போனதில்லை. அந்தப் பண்ணை இன்று நன்றாக நடக்கிறது, அக்குறணைக்காரர்தான் எல்லாம் ஏற்றுகிறார்.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். லொறிக்கு இவ்வளவு என்று கூலி பேசப் பழகினேன், லொறியைக் கழுவப் பழகினேன், நாலுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தொழில் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. வயிற்றெரிச்சல் மட்டும் அப்படியேதான் இருந்தது. அன்று நடந்ததை அவர் பாலத்தடியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

டீசலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற அந்தக் கெட்ட காலம் முடிந்து கொஞ்ச நாள் இருக்கும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, லொறியோடு கலகெதர வீட்டில் நிற்கும்போது என் போன் அடித்தது. அவர்தான்.

"அண்ணன், கலகெதர வளைவுல என்ட லொறி அச்சு முறிஞ்சி நிக்கிது. உள்ள மூணு மாடு ஈக்கி. வர ஏலுமா?"

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைக்கமாட்டேன். மூன்று முழு நிமிடம் சந்தோஷம். ஆனால் அதற்குள் லொறியைக் கிளப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். இப்போது நானும் எப்போதும் லொறியில் வைத்திருந்த வைக்கோல் கட்டுகளால் படி அடுக்கி மூன்றையும் என் லொறிக்கு மாற்றினோம். ஒன்றுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது கேட்டேன்.

"எத்தனை மணிக்கு நாநா முறிஞ்சது?"

"ஒங்களுக்கு எடுத்தனே, அப்பதான். ஒரு நிமிஷம் ஈக்கும்."

"வேற யாருக்கும் எடுக்கலையா?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "எதுக்கு வேற ஆள்? ஒங்கட லொறிதானே கிட்ட" என்றார்.

தம்பி தங்கச்சிமாரே, புது லொறி எடுத்தவன் நான். சாலை தெரிந்தவன் நான். தொழிலுக்கு முதலில் வந்தவனும் நான். மாடு ஆபத்தில் நிற்கும்போது எனக்கு எடுக்க அவருக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. எனக்கு முக்கால் மணித்தியாலமும் போதவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த தூரம் அந்த நாற்பத்து நான்கு நிமிடம்தான், அதற்குள் ஒரு கன்று போனது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் நம்பரை லொறிக்குள், ஸ்டியரிங்குக்கு மேலே, கண்ணில் படும் இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் ஊரில் யாரைப் பார்த்தால் உங்களுக்கு வயிறு எரிகிறதோ, அநேகமாக அவரே உங்களைவிட நன்றாகத் தொழில் செய்கிறவராக இருப்பார். அவருடைய நம்பரை முதலில் எழுதுங்கள்.

லொறியை விற்கும்வரை அந்த நம்பர் அங்கேயே இருந்தது. பக்கத்தில் பெயர் எழுதவும் இடம் விட்டிருந்தேன், கடைசிவரை எழுதவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அவர் பெயரை நான் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். அந்த அளவுக்கு மனசு எனக்கு இன்னும் வரவில்லை.